ஒத்திகை நடந்த ஊர்

செங்கழனிப்பாக்கத்து ஏரியின் பரப்பளவு இருக்க வேண்டிய இடத்தில் வேதகிரி தன் பேத்தியின் பிறந்தநாள் வாழ்த்தை எழுதி, பொத்தானையும் அழுத்திவிட்டார்.

"டீச்சரம்மா, போயிடுச்சா பாருங்க. சுத்திக்கினே கீது."

ஹேமாவதி ஓடிவந்து பார்த்தாள். போய்விட்டிருந்தது. அந்த நிமிடம் உலகத்தின் எந்த மூலையில் யார் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தாலும், செங்கழனிப்பாக்கம் ஏரியின் பரப்பளவு 'ஹாப்பி பர்த்டே பிரகல்யா குட்டி' என்று தெரிந்துகொள்வார்கள். வேதகிரி டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க டிக்கெட் கிழித்த கை, யோசிப்பதற்காக நின்றதே இல்லை.

ஹேமாவதி உத்திரமேரூரில் பள்ளித் தமிழாசிரியை. பகலில் பள்ளிக்கூடம், மிச்ச நேரத்தில் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம், சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும் என்கிற அந்த உத்தியோகத்தை அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்துவருகிறாள். புகுந்த ஊரான செங்கழனிப்பாக்கத்துக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு கொடுக்கலாம் என்று சனிக்கிழமைதோறும் ஊராட்சி நூலகத்தில் புதியவர்களுக்கு வகுப்பு வைத்தாள். வந்தவர்களில் பாதிப் பேர் ஆதார் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கொண்டுவந்திருந்தார்கள். ஊருக்குள் எந்த முகாம் நடந்தாலும் அது இரண்டும் கேட்பார்கள் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

அவள் எல்லாரையும் கையை எடுக்கச் சொல்லிவிட்டு மணல்தொட்டியைப் பற்றிப் பாடம் எடுத்தாள். பிள்ளைகள் மணலில் வீடு கட்டிக் கலைப்பதுபோல, எழுதிப் பார்ப்பதற்கென்றே கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே என்ன உளறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை, கொஞ்ச நேரத்தில் துடைத்துவிடுவார்கள்.

"எத எழுதிப் பாக்கணும்னாலும் மணல்தொட்டியில எழுதுங்க. நெசப் பக்கத்துல வெளையாடாதீங்க. யார் கண்ணுலயும் படலன்னா அது அப்பிடியே நின்னுடும்."

வாசலில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஜெகநாதன் நிமிர்ந்தான்.

"அப்ப அது அழியாதா, ஹேமா?"

"உங்களுக்கு எதுக்குங்க இது? எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாவுது பாருங்க."

ஜெகநாதன் அவள் கணவன். மைக் செட், சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். வகுப்புக்கு நாற்காலியும் கரண்ட்டும் அவன் உபயம். கல்யாணமான புதிதில் அவனுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பாடத்தை ஆரம்பித்தபோதுதான் அடுப்பில் பால் பொங்கியது. அவள் போய் அணைத்துவிட்டு, மேடையைத் துடைத்துவிட்டு வருவதற்குள் அவன் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஏதோ காதுகுத்துக்கு மைக் கட்டப் போயிருந்தான். சில பேருக்கு எழுத்து ஒட்டாது என்று அன்றோடு அவனை மன்னித்துவிட்டாள்.

பிறந்தநாள் வாழ்த்தை அழிப்பதற்கு அவளுக்கு முன்னால் இன்னொருவர் வந்துவிட்டார். கலைக்களஞ்சியத்தில் அவர் பெயர் 'மூக்குக்கண்ணாடி'. எந்த ஊர், ஆணா பெண்ணா, சாப்பிடுவாரா தூங்குவாரா என்று யாருக்கும் தெரியாது. தப்பு எங்கே நடந்தாலும் அங்கே இருப்பார். வந்தவர் வாழ்த்தை அழித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று கட்டுரை முழுவதையும் படித்து, ஒரு வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறியிட்டுவிட்டார்.

அது சாதாரண வரி இல்லை.

'உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் நடைபெறும் முன், அதற்கான ஒத்திகை செங்கழனிப்பாக்கம் ஏரிக்கரையில்தான் நடைபெற்றது' என்பது அந்த வரி. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஆள் எடுத்த பழைய தேர்தலால் உத்திரமேரூருக்கு உலகமெல்லாம் பெயர். பக்கத்திலேயே இருந்தும் செங்கழனிப்பாக்கத்துக்கு ஒரு பெயரும் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்த வரி இது. இதை நம்பித்தான் அவள் கீழே மதகு, மீன், கொக்கு, நாரை என்று கட்டுரையை வளர்த்தாள். வளர்ந்த கட்டுரை பொங்கலன்று கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வரத் தேர்வாகியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட ஊராட்சித் தலைவி சொக்கம்மாள் சும்மா இருப்பாரா? 'குடவோலை ஒத்திகை நடந்த ஊர் செங்கழனிப்பாக்கம் உங்களை வரவேற்கிறது' என்று மெயின் ரோட்டில் சிமென்ட் வளைவே எழுப்பிவிட்டார். எழுத்துக்குத் தங்கக் கலர் பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. வரி போனால் முதற்பக்கம் போகும், வளைவு சிரிக்கும், வளைவைப் பார்க்கிற ஒவ்வொருவரும் டீச்சரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த வரியை எழுதியது யார் என்று அவள் முன்பே தேடிப் பார்த்திருக்கிறாள். கணக்குத் தொடங்காமல் எழுதுகிறவர்களுக்குக் கலைக்களஞ்சியத்தில் பெயர் இருக்காது, வெறும் எண்தான் இருக்கும். இவரும் ஓர் எண். பல வருஷங்களுக்கு முன்னால் வந்தார், ஒரே ஒரு வரி எழுதினார், போய்விட்டார். திரும்பவே இல்லை. ஹேமாவதிக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஓலைச்சுவடியெல்லாம் கரைத்துக் குடித்த மனிதராக இருக்க வேண்டும், பெயர்கூட வேண்டாம் என்று போயிருக்கிறார் பாருங்கள் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவருக்கு 'பெயர் சொல்லாப் பெரியவர்' என்று பெயரும் வைத்துவிட்டாள். எழுதினால் அவரைப்போல எழுத வேண்டும் என்று புதியவர்களுக்கு உபதேசம் வேறு.

அந்த வரியை அவள் வகுப்புச் சுவரில் புரொஜெக்டரால் பெரிதாகப் போட்டுக் காட்டியபோது ஜெகநாதன் ஒயரைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலம் வீட்டில், "ஹேமா, அந்த வரி கீதே..." என்று ஆரம்பித்தான். அவள் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வகுப்பில் அவள் சான்று என்றால் என்ன என்று நடத்தினாள். சொன்னதை நம்ப யாராவது பொறுப்பானவர் சாட்சி இருக்க வேண்டும் என்று அவள் சொல்லி வாயை மூடவில்லை, வேதகிரி கட்டுரையின் அடியில் 'சான்று: வேதகிரி, நடத்துநர் (ஓய்வு), நேரில் கேட்கவும்' என்று எழுதித் தன் செல் நம்பரையும் போட்டுவிட்டார். மூக்குக்கண்ணாடி அதை அழித்தார். கூப்பிட்டுக் கேட்காமலே அழித்துவிட்டதில் வேதகிரிக்கு ரொம்ப வருத்தம்.

பொது இடத்தில் அச்சில் வந்திருக்க வேண்டும் என்று ஹேமாவதி திருத்திச் சொன்னாள். கல்லூரிக்குப் போகிற நிஷா அதைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளே பஸ் ஸ்டாப்பில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் நின்றது. ஏரிப் படம், குடம், அந்த வரி, ஓரத்தில் வகுப்பில் இருந்த அத்தனை பேரின் போட்டோ. ஆதாரோடு கொண்டுவந்த போட்டோக்கள் கடைசியில் உபயோகப்பட்டுவிட்டன. நிஷா ஃபிளெக்ஸைப் படமெடுத்துச் சான்றாக ஏற்றினாள். மை காயாத புத்தம்புது ஃபிளெக்ஸை ஆயிரம் வருஷத்துச் சம்பவத்துக்குச் சான்றாக ஏற்பதற்கில்லை என்று மூக்குக்கண்ணாடி பணிவாகப் பதில் எழுதினார். அந்தப் பணிவுதான் ஹேமாவதிக்கு எரிச்சலைக் கிளப்பியது.

இனிமேல் கட்டுரையில் யாரும் கை வைக்க வேண்டாம், கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே கலந்து பேசி முடிவெடுப்பதுதான் முறை என்று அவள் சொன்னாள். கலந்து பேசி முடிவெடுப்பதற்கு இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவள் பள்ளியில் பரீட்சை வேலையாக மாட்டிக்கொண்ட ஒரு சனிக்கிழமை, வேதகிரி தலைமையில் நூலகத்தில் குடவோலையே நடத்திவிட்டார்கள். ஓலைக்குப் பதில் நோட்டுத்தாள், மண்குடத்துக்குப் பதில் பச்சை பிளாஸ்டிக் குடம். வகுப்புக்கு வந்தவர்கள், பேப்பர் படிக்க வந்தவர்கள், நாற்காலி போட வந்தவர்கள் எல்லாரும் சீட்டு எழுதிப் போட்டார்கள். கபடம் இல்லாமல் இருக்கட்டும் என்று பால்வாடிக் குழந்தை ஒன்றைத் தூக்கிவந்து எடுக்க வைத்தார்கள். எடுத்த சீட்டெல்லாம் 'ஒத்திகை நடந்தது' என்றே சொன்னது. ஒரே ஒரு சீட்டில் மட்டும் 'நடக்கவில்லை' என்று இருந்தது.

அந்தத் துரோகி யார் என்பதில் பெரிய பேச்சு ஓடியது. உத்திரமேரூரில் பெண் எடுத்தவர்மேல் கொஞ்ச நேரம் சந்தேகம் நின்றது. பிறகு போனால் போகிறது என்று விட்டுவிட்டு, மாபெரும் வாக்கு வித்தியாசத்தில் ஒத்திகை நிரூபிக்கப்பட்டதாகப் பேச்சுப் பக்கத்தில் எழுதினார்கள்.

உண்மையை வாக்கெடுப்பால் தீர்மானிக்க இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. வேதகிரி அதை வாய்விட்டுப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"உத்திரமேரூர் பக்கத்து ஆளுங்ககிட்டயே வந்து ஓட்டு செல்லாதுன்றானா? இன்னா தைரியம் இவனுக்கு."

பிறகு யார் சொல்லியும் கேட்கிற நிலைமை இல்லை. வகுப்பு மொத்தமும் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக்குப் பதில் எழுதியது. எல்லாரும் ஒரே நூலகத்தில், ஒரே இணைப்பில், வேதகிரி சொல்லச் சொல்ல ஒரே வாசகத்தை எழுதினார்கள். கலைக்களஞ்சியத்தின் பார்வையில் இது பழைய தந்திரம். ஒரே ஆள் பத்துப் பெயரில் வேஷம் கட்டிக்கொண்டு வந்து கைதட்டுவதை அவர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனை கணக்குக்கும் பூட்டு விழுந்தது. நல்ல பெயரோடு இருந்த ஹேமாவதியின் கணக்குக்கும் சேர்த்து. இத்தனை வேஷத்துக்கும் சூத்திரதாரி அவள்தான் என்று சந்தேகமாம்.

"நானும் நிஷா பொண்ணும் ஒரே ஆளா?" என்று வேதகிரி தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஹேமாவதி அன்று அழுதாள். இரவல் நகையில்கூட ஒரு குண்டுமணி குறையாமல் திருப்பிக் கொடுக்கிறவள், தன்னை மோசடிக்காரி என்று எழுதிவிட்டார்களே என்று அழுதாள். ஜெகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அந்த வரியை எடுத்துவிட்டால்தான் என்ன என்று மெதுவாகக் கேட்டான். பெரிய தப்புப் பண்ணிவிட்டான்.

"அது ஒரு பெரியவர் நம்ம ஊருக்கு செஞ்சிட்டுப் போன தர்மம். உங்களுக்கு அதோட அருமை தெரியாது."

"இல்ல ஹேமா, எந்த பங்ஷனுக்கும் மைக் டெஸ்டிங், ஒத்திகைன்னு ஒண்ணு இருக்கும்ல. யாரோ அப்பிடி நெனச்சிக்கினு சும்மா..."

"சும்மாவா? அவர் எழுத்துல ஒரு பிழை இல்ல. நீங்க ஒயர் பாக்கற வேலையப் பாருங்க."

அவன் எழுந்து ஒயர் பார்க்கப் போனான்.

சென்னையில் இருக்கிற பழைய தோழி ஒருத்தி கலைக்களஞ்சியத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் பூட்டுகளைத் திறக்க வைத்தாள். ஆனால் மூக்குக்கண்ணாடி கெடு வைத்துவிட்டார். ஏற்கத்தக்க அச்சுச் சான்று பொங்கலுக்குள் வராவிட்டால் வரியும் போகும், முதற்பக்கமும் போகும். ஹேமாவதிக்குச் சோறு இறங்கவில்லை. வளைவைப் பார்க்கப் பயந்து பள்ளிக்கு வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

கெடு முடிகிற தறுவாயில் பஞ்சாட்சரம் வந்தார். கோயில் திருப்பணிக் குழுச் செயலாளர், வெள்ளை வேட்டியில் கறை படாத மனிதர். அவர் கையில் கும்பாபிஷேக மலர் இருந்தது. நன்கொடையாளர் படங்களுக்கும் பட்டுச் சேலைக் கடை விளம்பரங்களுக்கும் நடுவே, அவர் எழுதிய ஊர் வரலாற்றில், அந்த வரி இருந்தது. சொல்லுக்குச் சொல் அதே வரி. கால்புள்ளிகூட அதே இடத்தில் இருந்தது. அச்சடித்த புத்தகம், வெளியிட்ட குழு, பக்க எண் எல்லாம் சரியாக இருந்தன.

ஹேமாவதி அவர் காலில் விழாத குறை. பெயர் சொல்லாப் பெரியவரும் இந்த மலரைப் படித்திருக்கிறார் பாருங்கள் என்று பூரித்துப்போனாள். மலர் எந்த வருஷத்தது, வரி எந்த வருஷத்தது என்று ஒரு நிமிஷம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். மாணவர்களாக இருந்தால் பார்க்கச் சொல்லியிருப்பாள். சந்தோஷத்தில் யாருக்குத் தோன்றுகிறது? சான்றை ஏற்றினாள். மூக்குக்கண்ணாடி ஏற்றுக்கொண்டார். மன்னிப்பும் கேட்டார். பொங்கலன்று செங்கழனிப்பாக்கம் முதற்பக்கத்தில் வந்தது. நிஷா அதையும் ஃபிளெக்ஸ் அடித்தாள்.

வளைவுத் திறப்பு விழா காணும் பொங்கலன்று. அந்தப் பெயர் சொல்லாப் பெரியவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று ஹேமாவதி சொன்னதும் சொக்கம்மாளுக்கும் பிடித்துப்போயிற்று. நோட்டீஸில் போட்டார்கள். பெரியவர் எங்கிருந்தாலும் விழாவுக்கு வருமாறு ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றுவட்டாரம் பூராவும் கூவச் சொன்னார்கள். எப்போதும் தானே பேசிக் கூவுகிற ஜெகநாதன், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி மைக்கை வேதகிரியிடம் கொடுத்துவிட்டான். சாலவாக்கம் வரைக்கும் ஆட்டோ போய்வந்தது.

விழா மேடையில் நட்டநடுவில், மற்றவற்றைவிட உயரமான நாற்காலி ஒன்றைப் பட்டுத்துண்டு விரித்துக் காலியாக வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு மைக். ஹேமாவதி பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டத்தில் ஒவ்வொரு நரைத்த தலையாகத் தேடிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், அவ்வளவு பெரிய சரித்திரத்தை எந்த ஏட்டில் கண்டுபிடித்தீர்கள் என்று பஞ்சாட்சரத்தைக் கேட்டாள்.

"ஏடெல்லாம் ஏதும்மா" என்றார் பஞ்சாட்சரம். "மலர் அச்சுக்குப் போற நேரம், ஊர் வரலாறு ஒரு பக்கம் கொறையுது. மருமவன் போன்ல உங்க கலைக்களஞ்சியத்தக் காட்டினான். அதுல இருந்து எடுத்துப் போட்டேன். அதுல வந்தா சரியாத்தானே இருக்கும்?"

கலைக்களஞ்சியத்துக்குச் சாட்சி மலர். மலருக்குச் சாட்சி கலைக்களஞ்சியம். இரண்டும் ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, காலடியில் தரை இல்லை. எதிரே தங்கக் கலர் எழுத்து வெயிலில் பளபளத்தது. மூக்குக்கண்ணாடி மன்னிப்பு வேறு கேட்டிருக்கிறார்.

பரவாயில்லை, பெரியவர் இருக்கிறாரே என்று மனதைப் பிடித்துக்கொண்டாள். அவர் வந்துவிட்டால் போதும். அவர் எங்கே படித்தார், எந்தக் கல்வெட்டில் பார்த்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டால் எல்லாம் நேராகிவிடும். கற்றறிந்த மனிதர் காற்றிலிருந்தா எடுத்து எழுதியிருப்பார்?

சொக்கம்மாள் மைக்கைப் பிடித்தார். அந்தப் பெரியவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கூச்சப்படாமல் மேடைக்கு வர வேண்டும் என்று அழைத்தார். ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அழைத்தார். வேதகிரி போகலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அப்போது மேடையின் பின்பக்கமிருந்து ஜெகநாதன் ஏறிவந்தான். தோளில் ஒயர், பாக்கெட்டில் டெஸ்டர், தலை குனிந்திருந்தது. மைக்கைச் சரிசெய்ய வருகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் ஒயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பட்டுத்துண்டு விரித்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஹேமாவதி பதறிப்போய் அவனிடம் குனிந்தாள். அது பெரியவருக்குப் போட்டது, மானத்தை வாங்காமல் எழுந்திருங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவன் எழுந்திருக்கவில்லை. தன் முன்னால் இருக்கும் மைக் உயிரோடு இருப்பதை, ஊரிலேயே மைக் தெரிந்த அந்த ஒரே மனிதன் மறந்துபோனான்.

"ஏதாவது ஒரு வரி எழுதிப் பாருங்கன்னுட்டு நீ பால எறக்கப் போயிட்ட, மணல்தொட்டின்னு ஒண்ணு கீதுன்னு அன்னிக்கு எனக்கு நீ சொல்லவே இல்லியே, ஹேமா."